அண்ணி எழுதிய அம்மா

என் அண்ணியைப் பற்றி எழுதப் போகிறேன். எனக்கு அவள்மேல் பொறாமை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசான பொறாமை, செல்லப் பொறாமை என்றெல்லாம் மழுப்ப மாட்டேன். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிற ரகம் இது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆனால் பொய் எதுவும் சொல்ல மாட்டேன்.

உறவில் அவள் அண்ணி. வயதில் நான் மூன்று வருடம் பெரியவள். ஆகவே நேரில் "அண்ணி, வாங்க, போங்க" என்பேன். மனதுக்குள் 'அவள்'தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவளுக்கோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. அக்கா என்று கூப்பிட உறவு இடம் கொடுக்கவில்லை. "இங்க பாருங்க" என்றே இருபது வருடத்தை ஓட்டிவிட்டாள்.

மூன்று பேர் இருக்கிற வீடு. இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை, துணி காயப்போட ஒரு பால்கனி. அண்ணன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். நானும் அண்ணியும் எழுதிப் பிழைக்கிறோம். எந்த ஆபீசிலும் சம்பளத்துக்கு இல்லை. யார் எது கேட்டாலும் எழுதிக் கொடுப்போம். கீழே எங்கள் பெயர் இருக்காது. நான் இதில் இருபத்திரண்டு வருடம் பழம் தின்று கொட்டை போட்டவள். அவள் வந்து நாலு வருடம்தான் ஆகிறது. வழி காட்டியது நான். வீட்டுக்கு யார் வந்தாலும் இதை ஒரு தடவை சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

அதற்கு முன் பதினாறு வருடம் அவள் ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அவள் மேசையில் மணி அடிக்கும். சில நாள் ஒரே நேரத்தில் நாலு லிஃப்டில் நாலு பேர் மாட்டிக்கொள்வார்கள். ஒருவருக்கு மூச்சு முட்டும். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டுவார். ஒருவர் அழுவார். இன்னொருவர் எனக்குக் கல்யாண வாழ்க்கையே இப்படித்தான் என்று சிரிப்பார். மெக்கானிக் போய்ச் சேரும் வரை நாலு பேரையும் மாற்றி மாற்றிப் பேச்சிலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். தன்னை அப்படியே நிறுத்திவிட்டு இன்னொருவரிடம் பேசப் போயிருக்கிறாள் என்று ஒருவருக்கும் சந்தேகம் வரக் கூடாது. இதில் அவள் கெட்டிக்காரி என்று கம்பெனியில் பெயர் வாங்கியிருந்தாள். பிறகு அங்கே பதிவு செய்த குரல் ஒன்றை வைத்துவிட்டு, புகார்ப் பிரிவை மூடினார்கள்.

வேலை போய் அவள் ஹாலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. என்னிடம் வந்த ஒரு வேலையைத் தூக்கிக் கொடுத்தேன். புது மிக்சி ஒன்றுக்கு, பயன்படுத்தும் முறை சொல்கிற சின்னப் புத்தகம். நான் வெறுக்கிற வேலை. பழையதைப் பார்த்து நாலு வாக்கியம் மாற்றினால் போதும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? எழுதி முடித்து, அண்ணனைக் கூப்பிட்டு, தாளை அவன் கையில் கொடுத்து, இதில் இருக்கிறபடி மட்டும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். என் அண்ணன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். மூன்றாவது வரியில் மூடி பறந்து சுவரெல்லாம் தக்காளி. "சரி, மூணாவது வரி சரியில்ல," என்று சொல்லித் திருத்தினாள். இப்படி நாலு தடவை. அந்த வாரம் முழுக்க எங்களுக்குத் தக்காளிதான். பத்து நாள் கழித்து மிக்சி கம்பெனிக்காரர் எனக்கு போன் செய்தார். நான் குரலைச் சரிசெய்துகொண்டு எடுத்தேன். "மேடம், அந்தப் புத்தகம் எழுதினாங்களே, அவங்க நம்பர் கொஞ்சம் குடுங்க," என்றார். என் வயிறு அன்று எரியத் தொடங்கியது, இன்றுவரை அணையவில்லை.

இப்போது எங்கள் வேலைகள் அச்சாகிற அச்சகத்தில் அவளுக்குப் பெயர் 'எட்டுக்கை'. எனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'நாளைக்கு மேடம்'. நேரில் சொல்வதில்லை, அவ்வளவு மரியாதை உண்டு.

எட்டுக்கை என்று சும்மா சொல்லவில்லை. எந்த நேரத்தில் கேட்டாலும் ஆறேழு வேலை அவள் கையில் ஓடிக்கொண்டிருக்கும். கண் ஆஸ்பத்திரிக்கு, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் என்ன செய்யலாம், செய்யக் கூடாது என்கிற துண்டுத்தாள். சிமெண்ட் கம்பெனி காலண்டருக்குப் பன்னிரண்டு பொன்மொழி. ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர். வியாபாரிகள் சங்கத் தலைவர் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவருக்கு ஒரு பேச்சு. இன்னும் என்னென்னவோ. எதையும் கலந்துவிட மாட்டாள். அதற்கு அவளிடம் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் வீட்டில் ஒரு இடம். கண் ஆஸ்பத்திரித் தாளை அடுப்படியில் ஃப்ரிட்ஜ்மேல் வைத்து நின்றுகொண்டே எழுதுவாள். தலைவர் பேச்சைப் பீரோக் கண்ணாடிக்கு முன்னால். வாஷிங் மெஷின் புத்தகத்தை வாஷிங் மெஷினுக்கு எதிரில் முக்காலி போட்டு. ஆண்டு மலரை வெளியே மாடிப்படியில், பிள்ளைகள் ஏறி இறங்குகிற சத்தத்தில். அந்த இடத்தில் அந்த வேலையைத் தவிர வேறு எதையும் தொட மாட்டாள். ஓரிடத்திலிருந்து எழுந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது நடுவில் முகம் கழுவுவாள். குளியலறைத் துண்டு எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று பார்த்தால் அன்றைக்கு எத்தனை வேலை நடந்தது என்று சொல்லிவிடலாம். நான் பார்ப்பேன். சாயங்காலம் தினமும் போய்த் துண்டைத் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு நான் ஆகியிருந்தேன்.

இதனால் வீட்டில் எனக்கு உட்கார இடமில்லாமல் போனது. பால்கனியில் இருந்த பிரம்பு நாற்காலி இருபது வருடமாக என்னுடையது. பஸ் முதலாளி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் வேலை அவளுக்கு வந்ததும், "இங்க பாருங்க, இந்த நாற்காலியை ஒரு ஆறு மாசத்துக்கு நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது?

நானும் அவள் வழியைச் செய்து பார்த்தேன், அவள் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து. நோட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். மேல்வீட்டு அம்மா இறங்கி வந்து, சாவியைத் தொலைச்சிட்டீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். அந்த அம்மா எனக்காகப் பூட்டுக்காரரைக் கூப்பிடப் போனதும் எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

என் கையில் எப்போதும் இரண்டு வேலைதான். இரண்டும் தாமதம். ஒரு மாத இதழில் வாசகர் கேள்வி பதில் பகுதி என்னுடையது. வாசகர்கள் கேள்வி அனுப்புவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. கேள்வியும் நானே, பதிலும் நானே. மாதம் பதினைந்து பேருக்கு மனக்கஷ்டத்தை நானே கொடுத்து நானே ஆறுதல் சொல்கிறேன். இன்னொன்று, ஒரு தொழிற்சங்கத்தின் ஐம்பது ஆண்டு வரலாறு. நான் எழுதத் தொடங்கியபோது அது நாற்பத்தேழு ஆண்டு வரலாறாக இருந்தது.

இதெல்லாம் இருந்தும் நான் ஒரு விஷயத்தில் அவளைவிட மேலே என்று நினைத்திருந்தேன். அவளிடம் இருப்பதெல்லாம் அடுத்தவர்கள் கேட்ட வேலை. என்னிடம் ஒரு நாவல் இருந்தது. என் பெயர் போட்டு வரப் போகிற நாவல். பதினைந்து வருடமாக மூன்று நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். அதன் உயிர் ஒரே ஒரு சம்பவம்.

எனக்குப் பத்து வயது. அப்பா இல்லை. அம்மா துணி ஆலையில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்த்தாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டதால், அம்மாவை அசத்தலாம் என்று பஸ் நிலையத்துக்குப் போய் நின்றேன். அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வீட்டுப் பக்கம் நடக்கவில்லை. நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே கிரீம் பன். ஓரத்தில் வழிந்த கிரீமை முதலில் நக்கினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து, காலை ஆட்டிக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி முழுப் பன்னையும் தின்றாள். வீட்டில் ஒரு பிஸ்கட் இருந்தால்கூட அதை உடைத்து எனக்கும் அண்ணனுக்கும் கொடுத்துவிட்டு, 'எனக்கு இனிப்பு பிடிக்காது' என்கிறவள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முதலில் எனக்கு வந்தது அழுகைகூட இல்லை. பொறாமைதான். பன்மேல். தின்று முடித்துக் காகிதத்தை நாலாக மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்கு நடந்தாள். நான் குறுக்குச் சந்தில் ஓடி அவளுக்கு முன்னால் வீடு சேர்ந்தேன். அன்று சாப்பாட்டின்போது, "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க," என்று அவள் சொன்னபோது, நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

அம்மா இறந்த வாரத்தில் அண்ணனிடம் மட்டும் இதைச் சொன்னேன். இருவரும் சிரித்தோம், அழுதோம். அதோடு மூடி வைத்துவிட்டேன், நாவலுக்கு.

போன பங்குனியில் ஒரு வாரம் அண்ணிக்கு நாலு வேலைகளின் புரூஃப் ஒன்றாக வந்து விழுந்தது. முகம் கழுவிக் கழுவி அவள் கன்னமே வெளுத்துப் போயிருந்தது. காலையில் டீ குடிக்கும்போது, "இங்க பாருங்க, இந்த ஒண்ண மட்டும் படிச்சுக் குடுக்கறீங்களா? எத்தனை தடவை படிச்சாலும் இனிமே என் கண்ணுக்குத் தப்பு தெரியாது," என்றாள். பஸ் முதலாளியின் புத்தகம். எனக்கு உள்ளுக்குள் குஷி. தப்புக் கண்டுபிடிக்க என்னையே கூப்பிடுகிறாள். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். அவர் சின்ன வயதில் பஸ் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தது, ஓடாத ஒரு பஸ்ஸை வாங்கி ஓட வைத்தது, அது நாற்பது பஸ் ஆனது. நாற்பது பக்கம் வரைக்கும் பேனாவின் மூடியைத் திறந்ததுதான் மிச்சம்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் புது அத்தியாயம். தலைப்பு 'அம்மா'. முதல் வரி இது:

'என் அம்மா எதையும் தனியாகத் தின்று நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள் பார்த்தேன்.'

அடுத்து பஸ் நிலையம். கடைசி பெஞ்ச். கிரீம் பன். தூணுக்குப் பதிலாகப் பையன் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். காலை ஆட்டுவது இருந்தது. காகிதத்தை நாலாக மடிப்பது இருந்தது. ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

நான் மூன்று நோட்டில் முடிக்காதது. என்னுடையது எப்போதும் மாலை வெயிலில் தொடங்கும். இல்லையென்றால் மழையில். பஸ் நிலையத்துக்கு வந்து சேர்வதற்கே பதினெட்டுப் பக்கம் ஆகும். இவள் இரண்டு வாக்கியத்தில் அம்மாவைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள். திருடியதைக்கூட நான் பொறுத்திருப்பேன். நன்றாக இருந்ததுதான் பொறுக்கவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். ஃப்ரிட்ஜ்மேல் கண் ஆஸ்பத்திரித் தாளை வைத்து நின்றபடி திருத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இது என்ன?"

"எது?"

"நாப்பத்தொண்ணாம் பக்கம்."

"ஏன், தப்பு இருக்கா?"

"இது எங்க அம்மா."

"ஆமா, அத்தைதான். உங்க அண்ணன் சொன்னாரு," என்றாள், ஒளிக்காமல். "பஸ்காரப் பெரியவர்கிட்ட அவங்க அம்மாவைப் பத்திக் கேட்டேன். 'நீயே ஏதாவது எழுதிக்கோம்மா'ன்னுட்டாரு. எனக்கு அன்னிக்கு இந்தத் தாளுக்காக ஆஸ்பத்திரில பதினொரு மணிக்கு டாக்டரைப் பார்க்கணும். மேல கேட்டுக்கிட்டு உட்கார நேரமில்ல. அத்தையோட கதை ஞாபகத்துக்கு வந்துச்சு, எழுதிட்டேன்."

"அது என் நாவலுக்கு வெச்சிருந்தது."

பேனாவைக் கீழே வைத்தாள். "அப்படியா? உங்க அண்ணன் அதைச் சொல்லலையே. யாருக்கும் வேணாம்னு சும்மா கிடக்குன்னு நெனச்சேன்."

குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் உண்மையாகவே அப்படி நினைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். திருட்டு என்றேன். ஏழு வேலையை ஒன்றாகப் போட்டுக்கொண்டு எதிலிருந்தோ பிடுங்கி எதிலோ ஒட்டுகிறவளுக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும் என்றேன். முழுவதும் கேட்டாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் திட்டுவதைக் கேட்டுப் பழகிய காது.

"எடுத்துடறேன்," என்றாள். "ஆனா பெரியவருக்கு வாசிச்சுக் காட்டி அவர் ஒத்துக்கிட்டது. அவர்கிட்ட சொல்லாம எடுக்கக் கூடாது. நாளைக்குப் போறேன்."

"நானும் வர்றேன்," என்றேன். அவள் போய் என்ன சொல்வாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அதைவிட, அவள் தலை குனிவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்து என்னிடம் தனியாகச் சொன்னான். "சொன்னது நான். அவளை ஏன் திட்டற?"

"நான் உன்கிட்ட சொன்னேன். உனக்கு மட்டும்."

"எனக்குச் சொன்னா அவளுக்குத் தெரியாம எப்படி இருக்கும்?" என்றான். இருபது வருடம் குடும்பம் நடத்தியவனிடம் இதற்குமேல் என்ன பேசுவது.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது நான் உள்ளுக்குள் பேச்சைத் தயார் செய்துகொண்டே போனேன். ஐயா, ஒருவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதினொரு மணிக்கு இன்னோரிடத்துக்கு ஓடக் கூடாது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் ஒரு குறை என் கையில் சிக்கியிருந்தது. அதை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே போனேன்.

பெரியவருக்கு எண்பத்து மூன்று வயது. மகன்கள் பெரிய வீட்டில் இருக்கிறார்கள். இவர் மட்டும் பஸ் நிறுத்துகிற கொட்டகைக்குப் பக்கத்தில் பழைய ஆபீஸ் அறையிலேயே இருக்கிறார். டீசல் வாசனை. ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் வரிசையாகப் பழைய வழித்தடப் பலகைகள். எங்களைக் கண்டதும் மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, புத்தகத்துல அம்மாவைப் பத்தி எழுதியிருக்கேனே, அது உங்க அம்மா இல்ல. இவங்க அம்மா. இவங்க என் நாத்தனார். நான் கேக்காம எடுத்துப் போட்டுட்டேன். தப்பு. அதை எடுத்துடணும், உங்க சம்மதம் கேக்க வந்தோம்."

நான் தயார் செய்த பேச்சில் பாதியை அவளே சொல்லித் தீர்த்துவிட்டாள். மீதியைத் தொடங்க நான் வாயைத் திறந்தேன்.

"தெரியும்மா," என்றார் பெரியவர்.

அண்ணி அவரைப் பார்த்தாள்.

"எங்க அம்மா என்னைப் பெத்த பத்தாம் நாளே போயிட்டாங்க. ஒரு போட்டோகூடக் கெடையாது. நான் எங்க இருந்து பார்த்தேன், அவங்க பன் திங்கறதை?"

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. நாலு வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். பார்த்தேன். எதிர்பார்த்த சுகம் அதில் இல்லை.

"அப்ப ஏங்கய்யா அன்னிக்கே சொல்லல?" என்றாள்.

"நீ வாசிச்சியா, நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை வாசின்னேன், ஞாபகம் இருக்கா? அந்த அம்மா காலை ஆட்டிக்கிட்டே திங்கறாங்கல்ல..." கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் தன் காலை ஒரு தடவை ஆட்டிக் காட்டினார். "புத்தகத்துலயாவது ஒரு அம்மா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

கொட்டகையில் யாரோ ஒரு பஸ்ஸைக் கிளப்பினார்கள். அந்தச் சத்தம் தேய்ந்து போனது. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க அம்மாங்களா?"

"ஆமாங்க."

"அந்தப் பன்னு, எந்தக் கடையில வாங்குவாங்க?"

"தெரியலைங்க."

"தினமும் திம்பாங்களா, அன்னிக்கு மட்டுமா?"

"தெரியலைங்க."

"நீங்க கேக்கலையா?"

அம்மா அதற்குப் பிறகு முப்பது வருடம் எங்களோடு இருந்தாள். அண்ணி பதினொரு மணிக்கு டாக்டரைப் பார்க்க ஓடினாள் என்று திட்டினேனே, நான் எந்த டாக்டரைப் பார்க்க ஓடினேன்?

"சரி, எடுத்துக்குங்கம்மா," என்றார் பெரியவர். "உங்களுதுதானே."

மனுஷி என்று ஒருத்தி அங்கே இருந்திருந்தால், இருக்கட்டும் ஐயா, உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லியிருப்பாள். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அந்தச் சமயத்தில் பெரியவரை நினைக்கவில்லை, அம்மாவைக்கூட நினைக்கவில்லை. அந்த அத்தியாயம் அச்சாகி வந்தால் எத்தனை பேர் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

"எடுத்துக்கறேங்க," என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். பாதி வழியில், "இன்னும் பத்து நிமிஷம் அவர்கிட்ட உட்கார்ந்திருந்தா சொல்லியிருப்பாரு. தப்பு என்னோடதுதான்," என்றாள். அவ்வளவுதான். அந்தக் குறையைச் சொல்லிக் காட்டுகிற பாக்கியத்தைக்கூட எனக்கு விட்டு வைக்கவில்லை.

அந்த வாரமே பெரியவர் அவளுக்கு போன் செய்து, அம்மா அத்தியாயத்தை அடியோடு எடுக்க வேண்டாம், தலைப்பு இருக்கட்டும், கீழே நான் சொல்வதை மட்டும் போடு என்றாராம். புத்தகம் வந்தபோது பார்த்தேன். 'அம்மா' என்று தலைப்பு. கீழே, 'என் அம்மாவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கேட்டுச் சொல்ல ஆளும் இல்லை.' மீதிப் பக்கம் முழுக்க வெள்ளை. எழுத்தில் பழக்கமே இல்லாத ஒரு பஸ் முதலாளி எழுதியது. எனக்கு அவர்மேலும் பொறாமையாக இருந்தது, வேறென்ன சொல்ல.

அண்ணி அந்தப் புத்தகத்தை அடுப்படியில் நின்றபடி யாரோ எழுதியதைப் புரட்டுவது போலப் புரட்டினாள். "அட, நல்லா அச்சடிச்சிருக்காங்க," என்று சொல்லிவிட்டு அலமாரியில் வைத்தாள். முடிந்த வேலை அவள் தலையில் நிற்பதில்லை. லிஃப்டின் கதவு திறந்துவிட்டால் உள்ளே இருந்தவர் யார் என்பதை அன்றே மறந்துவிடுவாளாம். அடுத்த மணி அடித்துக்கொண்டிருக்கும்போது இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பாள். அவள் கையில் அதற்குள் ஒரு நீச்சல் குளத்தின் விதிமுறைப் பலகையும், ஒரு ரேடியோ விளம்பரமும், இன்னும் நாலும் வந்து சேர்ந்திருந்தன.

பிரம்பு நாற்காலி எனக்குத் திரும்பி வந்தது. சம்பவமும் திரும்பி வந்தது. இனி எழுத வேண்டியதுதான் பாக்கி. மூன்று நோட்டையும் ஓரமாக வைத்துவிட்டுப் புது நோட்டு வாங்கினேன். மாலை வெயில் வேண்டாம், மழை வேண்டாம் என்று முடிவு செய்து உட்கார்ந்தேன். ஒரு மாதம் உட்கார்ந்தேன். தொழிற்சங்கத்தின் வரலாறு ஐம்பத்தொன்று ஆனது. பெஞ்சை வைத்துத் தொடங்கிப் பார்த்தேன், பன்னை வைத்துத் தொடங்கிப் பார்த்தேன், தூணை வைத்துத் தொடங்கிப் பார்த்தேன். எப்படிச் சுற்றி வந்தாலும் கை ஒரே இடத்துக்குத்தான் போனது. கடைசியில் ஒரு நாள், மற்றதையெல்லாம் அடித்துவிட்டு, அண்ணியின் அந்த முதல் வரியை அப்படியே எழுதினேன். அதற்குப் பிறகு தடதடவென்று வந்தது. மத்தியானத்துக்குள் ஆறு பக்கம்.

இதை அப்படியே விட்டுவிடக் கூடாது, கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. எனக்கும் மனசாட்சி உண்டு. அவள் கேட்காமல் எடுத்தாள் என்று அவ்வளவு ஆடியவள் நான். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அடுத்த ஆண்டு மலரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒரு வரி வாசிக்கறேன், கேக்கறீங்களா?"

"சொல்லுங்க," என்று பேனாவை மூடினாள்.

வாசித்தேன். "என் அம்மா எதையும் தனியாகத் தின்று நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள் பார்த்தேன்." வாசித்துவிட்டு, இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்கிற கேள்வியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

அண்ணியின் கண் லேசாகக் கலங்கியிருந்தது. அவளுக்கு அந்த வரி சுத்தமாக ஞாபகம் இல்லை.

"நாவல்லயா?" என்றாள். "ரொம்ப நல்லா இருக்குங்க. எனக்கெல்லாம் இந்த மாதிரி வராது."

அவள் பேசாமலாவது இருந்திருக்கலாம். நான் நோட்டை மூடினேன்.

"எழுத எழுத வரும், அண்ணி," என்றேன்.